சலவைத் தொழிலாளியின் மகள் கொக்கோ ஷனெல்

பிரான்ஸ் நாட்டின் மேற்குப் பகுதியில், லுவார் நதிக்கரையில், சோமூர் என்றொரு சிறு நகர் உண்டு. குதிரைப்படைப் பயிற்சிக்குப் பெயர்போன அந்நகரிலே, ஏழைகளுக்கென அருட்சகோதரிகள் நடத்திவந்த தரும வைத்தியசாலையில், 1883 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 19 ஆம் திகதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய் ஜீன் டெவோல் சலவைத் தொழில் செய்து பிழைத்தவர். தந்தை அல்பேர் ஷனெல், உழைப்பாளர் அணியும் மலிவான உடைகளையும் உள்ளாடைகளையும் சுமந்துகொண்டு சந்தை சந்தையாக அலைந்து விற்றவர். அப்போது அவர்கள் திருமணம் செய்திருக்கவில்லை. பிறப்பைப் பதிந்த வேளையில் பெற்றோர் இருவருமே அங்கு இல்லாமையால், பதிவேட்டில் குடும்பப் பெயர் கூடப் பிழையாக ‘ஷஸ்னெல்’ என்றே எழுதப்பட்டது. கப்ரியேல் என்று பெயரிடப்பட்ட அக்குழந்தைதான், நாற்பது ஆண்டுகளுக்குள் பாரிஸ் நகரின் செல்வச் சீமாட்டிகள் எதை உடுக்க வேண்டும், எதைக் களைய வேண்டும் என்று தீர்மானிக்கும் நிலைக்கு உயர்ந்த கொக்கோ ஷனெல்.

வறுமையிற் பிறந்து உச்சியை எட்டியோரின் கதைகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுக்கிறோம். அத்தகைய கதைகளில் பட்ட துன்பம் மனிதரைப் பண்படுத்துகிறது. வெற்றி பெற்றவர் பின்வருவோருக்குக் கைகொடுக்கிறார். ஷனெலின் வாழ்வை இந்த அச்சுக்குள் வார்க்க முயன்ற நூல்களும் திரைப்படங்களும் பல. ஆனால் அவரது வாழ்வு அந்த அச்சுக்குள் அடங்குவதாயில்லை. தமது ஏழ்மையை அவர் வாழ்நாள் முழுவதும் ஒளித்தார். அதே ஏழ்மையிலிருந்துதான் தமது கலையின் ஒவ்வோர் அம்சத்தையும் எடுத்தார். தம்மைப் போன்ற ஏழைப் பெண்கள் தமது வாசலில் வந்து நின்று உரிமை கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அவரை விளங்கிக்கொள்ள முடியாது.

தாய் ஜீன் ஓயாத பிரசவங்களாலும் நோயினாலும் நலிந்து, 1895 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பிரீவ் என்னும் ஊரில் காலமானார். அப்போது அவருக்கு முப்பதைச் சற்றே கடந்த வயது. கப்ரியேலுக்குப் பதினொன்று. அல்பேர் துக்கத்தில் அதிக நாள் செலவிடவில்லை. ஆண் பிள்ளைகள் இருவரையும் பண்ணை வேலைக்கு அனுப்பினார். பெண் பிள்ளைகளான ஜூலியா, கப்ரியேல், அன்ரொய்னெட் மூவரையும் கொரேஸ் பிரதேசத்து மலைச்சரிவில் அமைந்த ஒபசீன் கன்னியர் மடத்து அநாதை இல்லத்தில் விட்டுச் சென்றார் என்பது வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட செய்தி. அதன் பின்னர் அவர் பிள்ளைகளைத் தேடி வரவேயில்லை.

ஒபசீன் மடம் 12 ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அலங்காரத்தைத் துறந்த சிஸ்டேர்சியன் துறவிகளின் கட்டடக் கலைக்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. வெண்சாந்து பூசிய சுவர்கள், கறுப்பு வர்ணம் தீட்டிய கதவுகள், வர்ணமற்ற கண்ணாடியில் வளைகோடுகள் பின்னிப் பிணையும் சாளரங்கள், கறுப்பும் வெளுப்புமாக உடுத்திய சகோதரிகள் என எங்கும் இரு நிறங்களே. பிள்ளைகளுக்கு அங்கே ஜெபமும் தையலும் கற்பிக்கப்பட்டன. படுக்கை விரிப்புகளின் ஓரம் மடித்துத் தைப்பது, கிழிந்ததை ஒட்டுப்போடுவது, துணியை வீணாக்காது வெட்டுவது ஆகியனவே அந்த இல்லத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த சீதனம். பிற்காலத்தில் கறுப்பையும் வெண்மையையும் தமது நிறங்களாக ஷனெல் ஏற்றமையும், ஒன்றையொன்று பின்னிய இரண்டு எழுத்துகளைத் தமது இலச்சினையாக்கியமையும் அந்தச் சாளரங்களின் நினைவே என்று கூறுவோர் உளர். இலச்சினை பற்றிய ஊகத்துக்குத் திட்டவட்டமான ஆதாரம் இல்லை. நிறங்களைப் பொறுத்தவரை எமக்கு அதிக ஐயமில்லை.

ஆனால் ஷனெல் தமது வாயால் அநாதை இல்லம் என்ற சொல்லை உச்சரித்ததில்லை. தம்மைக் கண்டிப்பான அத்தைமார் வளர்த்ததாகக் கூறினார். தந்தை அமெரிக்காவுக்குச் சென்று பொருள் தேடியதாகக் கூறினார். பிறந்த ஆண்டைப் பத்து ஆண்டுகள் பின்தள்ளி 1893 என்றார். பிறந்த ஊரையும் மாற்றினார். புகழடைந்த பின்னர், சந்தையில் கடை விரித்துப் பிழைத்த சகோதரருக்குப் பணம் அனுப்பினார். அந்தப் பணத்தினுள்ளே அவர் கண்காணாது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் மறைந்திருந்தது. தமது சரிதையை எழுதுவதற்கு எழுத்தாளர்களைத் தாமே அழைத்தார். அவர்களிடம் ஒரே நிகழ்ச்சியைப் பலவிதமாகச் சொல்லி அவர்களைத் திணறடித்தார். நாவலாசிரியை லூயிஸ் டி வில்மொரின் முயன்று கைவிட்டார். போல் மொரான் 1946 இல் சுவிற்சர்லாந்தில் கேட்டெழுதிய குறிப்புகள், ஷனெல் மறைந்து ஐந்து ஆண்டுகளின் பின்னரே நூலாயின. பொய்களைக் களைந்து பிறப்புப் பதிவேடுகளைத் தேடிச் சென்றவர் எட்மொண்ட் ஷார்ல்-ரூ என்ற பெண் எழுத்தாளர். 1974 இல் அவரது நூல் வெளிவந்தபோது ஷனெல் உயிருடன் இல்லை.

இந்தப் பொய்களுக்காக ஷனெலைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. தகப்பன் கைவிட்ட பிள்ளை, சலவைக்காரியின் மகள், திருமணத்துக்கு முன் பிறந்தவள் என்பவை அக்காலத்து பிரெஞ்சுச் சமூகத்தில் கதவுகளை அடைக்கப் போதுமான காரணங்கள். பெருங்குடிப் பெண்களுக்கு உடை தைத்துக் கொடுப்பவள் கடையின் பின்வாசலால் வந்து போகும் சேவகியாகவே கருதப்பட்டாள். முன்வாசலால் அவர்கள் வீட்டு விருந்துக்கு அழைக்கப்பட்ட முதல் தையற்காரிகளில் ஒருவர் ஷனெல். அந்த வாசலைத் தாண்டுவதற்கு அவர் கொடுத்த கட்டணம் தமது இளமைக்காலமே.

பதினெட்டு வயதில் அவர் மூலான் நகரிலிருந்த மற்றொரு கன்னியர் மடத்து விடுதிக்கு மாற்றப்பட்டார். ஏறக்குறைய ஒத்த வயதுடைய தமது அத்தை அட்ரியனுடன் சேர்ந்து துணிக்கடை ஒன்றில் வேலைக்கமர்ந்தார். மூலான் ஒரு படைமுகாம் நகர். குதிரைப்படை அதிகாரிகளின் காற்சட்டைகளைத் திருத்தித் தைக்கும் வேலையும் வந்தது. மாலை வேளைகளில் அந்த அதிகாரிகள் கூடும் இசையரங்கில் கப்ரியேல் பாடினார். அவருக்குத் தெரிந்த பாடல்கள் சிலவே. சேவல் கூவுவதைப் பற்றியது ஒன்று. காணாமற்போன கொக்கோ என்ற நாயைப் பற்றியது மற்றொன்று. இரசிகர்கள் அவரை அப்பெயராலேயே அழைக்கலாயினர். குரல்வளம் போதாமையால் பாடகியாகும் கனவு விஷி நகரில் கலைந்தது. அங்கே நோய் தீர்க்கும் ஊற்று நீரைக் குவளையில் முகந்து கொடுக்கும் வேலையும் பார்த்தார்.

மூலானில் அறிமுகமானவர்களுள் ஒருவர் எத்தியென் பல்சான். படைகளுக்குச் சீருடைத் துணி நெய்து செல்வம் திரட்டிய குடும்பத்தின் வாரிசு. கொம்பியேன் காட்டையடுத்த ருவாயல்யூ மாளிகையில் குதிரைகள் வளர்த்து உல்லாசமாக வாழ்ந்தவர். ஷனெல் அங்கே அவரது துணைவியாகச் சில ஆண்டுகள் தங்கினார். எவருக்கும் உடைமையாகிப் பராமரிக்கப்படும் பெண்ணின் வாழ்வு எத்தகையது என்பதை அங்கே கண்டுகொண்டார். மற்றப் பெண்கள் இறகுகளும் பழக்கொத்துகளும் சுமந்த தொப்பிகளோடு பந்தயத் திடலுக்கு வந்தபோது, ஷனெல் குதிரை இலாய ஆட்களின் காற்சட்டையைப் பார்த்துத் தமக்கு ஒன்று தைப்பித்துக்கொண்டார். கடையில் வாங்கிய சாதாரண வைக்கோல் தொப்பிக்கு ஒரு நாடாவை மட்டும் சுற்றி அணிந்தார். வேடிக்கை பார்த்த பெண்கள் தங்களுக்கும் அப்படியொன்று வேண்டுமென்றனர். தொழில் அப்படித்தான் தொடங்கியது.

பல்சானின் நண்பரான ஆதர் கப்பெல் என்ற ஆங்கிலேயரை ஷனெல் நேசித்தார். வாழ்நாளில் அவர் உண்மையாக நேசித்த மனிதர் இவரே என்பர். நிலக்கரி வணிகத்தில் ஈடுபட்டிருந்த கப்பெல் கொடுத்த பண உதவியுடன் 1910 இல் பாரிஸ் ரூ கம்போன் வீதியின் 21 ஆம் இலக்கத்தில் தொப்பிக் கடை திறக்கப்பட்டது. 1912 இல் நடிகை கப்ரியேல் டோர்சியா மேடையில் அத்தொப்பிகளை அணிந்து தோன்றவே பெயர் பரவியது. கையில் காசு புரளத் தொடங்கியபோது தாம் இலாபம் ஈட்டுவதாக ஷனெல் எண்ணினார். உண்மையில் அது கப்பெல் பிணைநின்றதால் வங்கி கொடுத்த கடன். இதனை அறிந்த நாளின் அவமானத்தை அவர் மறக்கவில்லை. மறுநாளிலிருந்து கணக்குப் புத்தகத்தில் கண்ணாயிருந்தார். சில ஆண்டுகளில் கடனை ஒரு சதமும் மிச்சமின்றித் திருப்பிக் கொடுத்தார்.

1913 இல் டோவில் என்னும் கடற்கரை உல்லாச நகரில் அவர் திறந்த கடையே அவரை ஆடை வடிவமைப்பாளராக்கியது. மறு ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டது. ஜேர்மன் படைகளுக்கு அஞ்சிப் பாரிஸையும் வட பிரான்ஸையும் விட்டோடிய செல்வந்தப் பெண்கள் டோவிலில் குவிந்தனர். பலர் உடுத்த உடையோடு வந்தவர்கள். பணிப்பெண்கள் இல்லை, வண்டிகள் இல்லை. சிலர் காயமுற்ற படைவீரரைப் பராமரிக்கும் தொண்டிலும் இறங்கினர். திமிங்கிலத் தாடை நாரும் இரும்புக் கம்பியும் வைத்துத் தைத்த கோர்செட் என்னும் இறுக்குக் கச்சையுடன் குனியவும் நிமிரவும் முடியாது. தானாக உடுத்தவும் முடியாது. ஷனெலின் கடையில் மாத்திரமே தளர்வான சட்டையும் கணுக்கால் தெரியும் பாவாடையும் கிடைத்தன.

போர்க்காலத்தில் நல்ல துணிக்குத் தட்டுப்பாடு. ஆண்களின் உள்ளாடைக்கென இயந்திரத்தில் பின்னப்பட்ட ஜேர்சித் துணியை ரோடியே என்ற உற்பத்தியாளர் விற்க வழியின்றி வைத்திருந்தார். மலிவானது, மங்கலான சாம்பல், மணல் நிறங்கள் கொண்டது, இழுத்தால் நீளும் இயல்பினால் தையற்காரர் வெறுத்தது. ஷனெல் அதனை வாங்கினார். துணி நெகிழ்வதால் இறுக்கமான வடிவங்களை விட்டு, உடலின் மீது தானாக விழும் எளிய வெட்டுகளைக் கையாண்டார். மீனவரின் மேற்சட்டை, இலாயக்காரரின் காற்சட்டை, பணிப்பெண்ணின் வெண்கழுத்துப் பட்டி, மாணவியின் கறுப்பு உடை என உழைப்பவரும் அநாதையும் அணிந்தவையே அவரது கையில் பெரும் விலைபோகும் ஆடைகளாயின. தந்தை சந்தையில் கூவி விற்ற அதே வகைத் துணியை மகள் கோமகளிருக்கு விற்றார் என்பதில் ஒரு விசித்திரமான நியாயம் உண்டு. அந்தத் தொடர்பை அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

இவ்விடத்தில் ஒரு திருத்தம் கூற வேண்டும். கோர்செட்டிலிருந்து பெண்களை விடுவித்தவர் ஷனெல் என்று திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அவருக்கு முன்னரே போல் புவாரே அதனைக் கைவிட்டிருந்தார். மடலின் வியோனே என்ற மேதையும் அவ்வழியே சென்றார். ஆனால் புவாரே கச்சையை நீக்கிவிட்டுக் காலடி எடுத்து வைக்க முடியாத குறுகிய பாவாடையை மாட்டிவிட்டார். பெண்ணை அவர் பார்த்தது அரங்கில் நிறுத்திய சித்திரமாக. பெண் பேருந்தில் ஏற வேண்டும், கையைச் சட்டைப்பையில் விட வேண்டும், மழையில் நடக்க வேண்டும் என்று எண்ணி வெட்டியவர் ஷனெல். அந்த எண்ணம், பிறர் கையை எதிர்பாராது தானே எல்லாம் செய்து வளர்ந்த பெண்ணுக்கு மாத்திரமே வரக்கூடியது.

1915 இல் ஸ்பானிய எல்லைக்கருகே பியாரிட்ஸ் நகரில் மூன்றாவது நிலையம் திறக்கப்பட்டது. நடுநிலை வகித்த ஸ்பெயினின் செல்வமும் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டளவில் அவரிடம் ஏறத்தாழ 300 பெண்கள் வேலை செய்தனர். 1918 இல் ரூ கம்போன் 31 ஆம் இலக்கக் கட்டடத்தை வாங்கினார். அந்த நிறுவனத்தின் தலைவாசல் இன்றும் அதுவே. கப்பெலோ அதே ஆண்டில் பிரபு குலத்துப் பெண் ஒருத்தியை மணந்தார். அநாதையாக வளர்ந்த தையற்காரியை மணப்பது அவரது இலட்சியங்களுக்கு ஒத்துவரவில்லை போலும். 1919 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் பிரான்ஸின் தென் கரையில் நிகழ்ந்த கார் விபத்தில் அவர் மாண்டார்.

1921 இல் வெளிவந்த ‘ஷனெல் நம்பர் 5’ என்ற வாசனைத் திரவியம் அவரைச் செல்வந்தராக்கியது. அதனைக் கலந்தவர் எர்னெஸ்ட் போ. மொஸ்கோவில் பிறந்து, ரஷ்ய அரச குடும்பத்துக்கு வாசனை தயாரித்த நிறுவனத்தில் பணியாற்றி, புரட்சியின் பின் பிரான்ஸுக்கு வந்தவர். கிராஸ் நகரத்து மல்லிகையுடன் அல்டிஹைட் எனப்படும் செயற்கை இரசாயனங்களை அதுவரை எவரும் துணியாத அளவில் சேர்த்தார். ரோஜா இது, முல்லை இது என்று மூக்கினால் பிரித்தறிய முடியாத மணம் பிறந்தது. அவர் முன்வைத்த மாதிரிகளுள் ஐந்தாவதை ஷனெல் தெரிந்தெடுத்தார். பூ வேலைப்பாடு மிக்க குப்பிகளுக்குப் பழகியிருந்த சந்தையில் மருந்துக் குப்பி போன்ற சதுரக் கண்ணாடியும் வெறும் இலக்கமும் வைத்தார்.

அதனை உலகெங்கும் விற்க அவரிடம் தொழிற்சாலை இல்லை. 1924 இல் பியேர், போல் வேர்த்தைமர் சகோதரர்களுடன் ஒப்பந்தம் செய்தார். யூதர்களான அவர்களுக்கு 70 சதவீதமும், இடைநின்று அறிமுகப்படுத்திய பெருங்கடை அதிபர் தியோபில் படேருக்கு 20 சதவீதமும், ஷனெலுக்கு 10 சதவீதமும் எனப் பங்கு பிரிந்தது. பெயரும் யோசனையும் தம்முடையவை, பத்தில் ஒன்றுதான் தமக்கா என்ற மனக்குறை பின்னர் அவரை அரித்தது. முதலும் தொழிற்சாலையும் விற்பனை வலையும் அவர்களுடையவை என்பதை அவர் கணக்கிலெடுக்கவில்லை. இக்குறை எங்கு கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னர் காண்போம்.

நம்மவரிடையே துக்கத்தின் நிறம் வெண்மை. ஐரோப்பாவில் அது கறுப்பு. விதவையும், கடைச் சிப்பந்தியும், பணிப்பெண்ணும் உடுத்திய நிறம். 1926 இல் அமெரிக்காவின் ‘வோக்’ சஞ்சிகை ஷனெலின் எளிய கறுப்பு ஆடையொன்றின் சித்திரத்தை வெளியிட்டு, அதனை அக்காலத்தில் எவரும் வாங்கக்கூடியதாயிருந்த போர்ட் காருடன் ஒப்பிட்டது. அந்த ஒப்பீடு பொருத்தமானதே. ஒரே வெட்டு, ஒரே நிறம், யாரும் பிரதி செய்யலாம். பிற வடிவமைப்பாளர்கள் பிரதி செய்வோர் மீது வழக்குத் தொடுத்த காலத்தில் ஷனெல் அதனைப் பொருட்படுத்தவில்லை. தெருவுக்கு இறங்காத நாகரிகம் நாகரிகமே அல்ல என்பது அவரது கொள்கை. வெஸ்ட்மின்ஸ்ரர் பிரபுவுடன் பழகிய காலத்தில் ஸ்கொட்லாந்து வேட்டைக்காரரின் முரட்டு ட்வீட் கம்பளித் துணியைப் பெண்களின் மேலங்கிக்குக் கொண்டுவந்தார். உண்மை வைரங்களோடு கண்ணாடி மணிகளைக் கலந்து அணிந்தார். 1931 இல் ஹொலிவூட் அதிபர் சாமுவேல் கோல்ட்வின் அழைப்பில் அமெரிக்கா சென்று வந்தார். முப்பதுகளின் நடுவில் அவரிடம் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தனர்.

அப்பெண்கள் யார்? பெரும்பாலானோர் மூலானில் ஊசி பிடித்த கப்ரியேலைப் போன்றவர்களே. 1936 இல் பிரான்ஸில் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றதும் நாடெங்கும் தொழிலாளர் வேலைத்தலங்களை ஆக்கிரமித்து வேலைநிறுத்தம் செய்தனர். வாரத்துக்கு 40 மணித்தியால வேலை, சம்பளத்துடனான இரு வார விடுமுறை போன்ற உரிமைகள் அந்தக் கோடையில்தான் அந்நாட்டுத் தொழிலாளருக்குக் கிடைத்தன. ரூ கம்போன் தையற்பெண்களும் ஜூன் மாதத்தில் வேலைநிறுத்தத்தில் இறங்கி வாசலை மறித்தனர். எதிரேயிருந்த ரிட்ஸ் ஹோட்டலிலிருந்து வந்த ஷனெல் தமது சொந்தக் கட்டடத்தினுள் நுழைய முடியாது திரும்பினார். தாம் வளர்த்த பெண்கள் தமக்குத் துரோகம் செய்தனர் என்றே அவர் கருதினார். கோரிக்கை நியாயமானது என்று அவருக்குத் தோன்றவில்லை. தாம் எவரது உதவியுமின்றி முன்னேறியதாக நம்பும் மனிதருக்கு ஏனையோரின் கோரிக்கை பிச்சையாகவோ பேராசையாகவோ தோன்றுவது வழக்கம். பல்சானின் வீடும் கப்பெலின் பிணையும் இல்லாது ரூ கம்போன் இல்லை என்பதை அவரும் மறந்திருந்தார். இலையுதிர்காலத் தொகுப்பு கெட்டுவிடும் என்ற நிலையில் இறுதியில் இணங்கினார். ஆனால் மனதில் வைத்துக்கொண்டார்.

1939 இல் இரண்டாம் உலகப் போர் பிரகடனமானதும் ஷனெல் தமது ஆடை நிலையத்தை மூடினார். வாசனைத் திரவியமும் சில்லறைப் பொருள்களும் விற்கும் கடை மாத்திரம் திறந்திருந்தது. வேலையிழந்த பெண்கள் தொழிற்சங்கம் மூலம் முறையிட்டும் பயனில்லை. போர்க்காலம் நாகரிக உடைக்குரிய காலமன்று என்று அவர் காரணம் கூறினார். 1936 க்குப் பழிவாங்கினார் என்று பலர் கூறினர். மற்றப் பெரிய நிலையங்கள் பல போரினூடும் இயங்கின என்பதையும், முந்திய போரில்தான் ஷனெல் செல்வந்தரானார் என்பதையும் நோக்குமிடத்து அவரது காரணம் வலுவற்றதாகவே தோன்றுகிறது. சகோதரர்களுக்கு அனுப்பிவந்த பணமும் அக்காலத்திலேயே நின்றது.

1940 ஜூனில் பாரிஸ் ஜேர்மனியரிடம் வீழ்ந்தது. ரிட்ஸ் ஹோட்டல் ஜேர்மன் உயரதிகாரிகளின் இருப்பிடமாயிற்று. அங்கே தங்கியிருக்க அனுமதிக்கப்பட்ட மிகச் சில பிரெஞ்சுக்காரருள் ஷனெலும் ஒருவர். ஹன்ஸ் குந்தர் வொன் டிங்லாக் என்ற ஜேர்மன் உளவுத்துறை அதிகாரியுடன் அவர் உறவு கொண்டிருந்தார். வயது ஐம்பத்தேழைத் தாண்டிய பெண்ணின் அந்தரங்கம் என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாதது வேறொன்று.

யூதரின் சொத்துகளை ‘ஆரியர்’ கைக்கு மாற்றும் சட்டங்கள் அப்போது நடைமுறையிலிருந்தன. வேர்த்தைமர் சகோதரர்கள் அமெரிக்காவுக்குத் தப்பியிருந்தனர். 1941 மே மாதத்தில் ஷனெல் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, வாசனைத் திரவியக் கம்பனி யூதரின் சொத்து என்றும் அதற்குத் தாமே உரித்தாளி என்றும் கோரினார். ஒரு கூட்டத்தாரை இரயில் வண்டிகளில் ஏற்றிக் கொலைக்களத்துக்கு அனுப்பிய அதே அரச இயந்திரத்தின் துணையுடன் தமது பத்துச் சதவீதத்தை முழுவதாக்க முயன்றார். நிறைவேறவில்லை. வேர்த்தைமர்கள் முன்யோசனையுடன் கம்பனியை பெலிக்ஸ் அமியோ என்ற யூதரல்லாத விமான உற்பத்தியாளரின் பெயருக்கு மாற்றிவிட்டே சென்றிருந்தனர். போரின் பின் அவர் அதனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜேர்மன் உளவுத்துறைப் பதிவுகளில் ஷனெலுக்கு எப் 7124 என்ற இலக்கமும் ‘வெஸ்ட்மின்ஸ்ரர்’ என்ற குறிப்புப் பெயரும் இருந்தமை பின்னர் வெளியாயிற்று. 1944 இன் தொடக்கத்தில் அவர் மட்ரிட் சென்றார். தமக்கு நேரில் அறிமுகமான பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலுக்கு அங்குள்ள தூதரகத்தின் மூலம் சமாதானத் தூது அனுப்புவது நோக்கம். நாஸிக் காவற்படைத் தளபதி வால்ரர் ஷெலன்பேர்க் ஆமோதித்த திட்டம் இது. உடன் அழைத்துச் சென்ற வேரா லொம்பார்டி என்ற தோழியே பிரித்தானியரிடம் ஷனெலைக் காட்டிக்கொடுத்ததால் தூது கருகிற்று. 2011 இல் வெளிவந்த ஹால் வோனின் நூல் இவற்றை விரிவாகப் பேசியது. 2023 இல் லண்டன் விக்ரோரியா அல்பேர்ட் அரும்பொருட்சாலையில் நடந்த கண்காட்சியில், பிரெஞ்சு எதிர்ப்பியக்க உறுப்பினர் பட்டியலொன்றில் அவரது பெயர் காணப்படும் ஆவணமும் வைக்கப்பட்டது. அவர் இரு தோணியிலும் கால் வைத்திருக்கலாம். அந்த ஆவணத்தால் 1941 ஆம் ஆண்டுக் கடிதம் அழிந்துவிடுவதில்லை.

பாரிஸ் விடுதலையடைந்ததும் ஜேர்மனியருடன் பழகிய பெண்களைத் தெருவில் நிறுத்தித் தலையை மழித்தனர். அவர்களிற் பலர் வறிய வீட்டுப் பெண்கள். ஷனெலையும் 1944 செப்டெம்பரில் விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். சில மணித்தியாலங்களில் விடுவிக்கப்பட்டார். சேர்ச்சிலின் செல்வாக்கு காப்பாற்றியது என்ற ஊகம் அன்று முதல் நிலவுகிறது. அவர் சுவிற்சர்லாந்துக்குச் சென்று லோசான் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் ஆண்டுக்கணக்கில் தங்கினார். 1949 இல் உளவு வழக்கொன்றில் சாட்சியாக பாரிஸ் நீதிமன்றில் தோன்றி யாவற்றையும் மறுத்தார். அத்துடன் அது முடிந்தது.

இதற்கிடையே 1947 இல் வேர்த்தைமர்களுடன் புதிய உடன்பாடு ஏற்பட்டது. உலகெங்கும் விற்கப்படும் ஷனெல் வாசனைத் திரவியங்களின் விற்பனையில் 2 சதவீதம் அவருக்கென ஒதுக்கப்பட்டது. அதுவே அவரைப் பெருஞ் செல்வராக்கப் போதுமானதாயிருந்தது. தம்மிடமிருந்து பறிக்க முயன்றவருடன் பியேர் வேர்த்தைமர் ஏன் சமரசம் செய்தார் என்பதற்கு வணிகமே விடை. பெயருக்குரியவர் பகைத்து நின்றால் பெயர் கெடும். 1954 இல் ஷனெல் மீண்டும் ஆடை நிலையத்தைத் திறக்க முற்பட்டபோதும் பணம் கொடுத்தவர் அவரே. பின்னர் செலவுகள் யாவற்றையும் ஏற்று நிறுவனத்தை முழுவதாக வாங்கிக்கொண்டார். இன்று ஷனெல் நிறுவனம் அவரது பேரப்பிள்ளைகளின் சொத்து.

எழுபது வயதில் ஏன் திரும்பினார்? 1947 இல் கிறிஸ்தியான் டியோர் கொண்டுவந்த ‘நியூ லுக்’ மீண்டும் பெண்ணின் இடுப்பை இறுக்கிப் பாவாடையைக் குடையாக விரித்தது. அதைக் கண்டு பொறுக்க முடியாது திரும்பியதாகச் சொல்வர். 1954 பெப்ரவரி 5 ஆம் திகதி நடந்த முதற் காட்சியை பிரெஞ்சுப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. போர்க்காலத்தை எவரும் முற்றாக மறந்திருக்கவில்லை. அவர் தளரவில்லை. அமெரிக்கப் பெண்கள் அந்த ஆடைகளை வாங்கினர். அலுவலகம் செல்லும் பெண்ணுக்கு ட்வீட் மேலங்கியும் நேர்ப்பாவாடையும் பொருந்தின. மேலங்கி நேராகத் தொங்க அதன் உள்ளோரத்தில் மெல்லிய சங்கிலி தைக்கப்பட்டது. பித்தானுக்கெல்லாம் துளை இருந்தது. பைகள் அலங்காரத்துக்கன்றிக் கைவிடுவதற்காக வைக்கப்பட்டன. 1955 பெப்ரவரியில் தோளில் மாட்டும் சங்கிலிக் கைப்பை வந்தது. பெண்ணின் இரு கைகளும் விடுபட வேண்டும் என்ற பழைய எண்ணமே அதுவும். 1963 நவம்பரில் டலஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டபோது அவரது துணைவியார் அணிந்திருந்த இளஞ்சிவப்பு உடையும் ஷனெலின் வடிவமே. நியூயோர்க்கில் அனுமதியுடன் தைக்கப்பட்டது.

அவர் சித்திரம் வரைந்து வடிவமைத்தவர் அல்லர். கழுத்தில் நாடாவில் கத்தரிக்கோல் தொங்க, உயிருள்ள பெண்ணின் மீதே துணியைப் போட்டு வெட்டுவார், குண்டூசி குத்துவார், பிரிப்பார், மீண்டும் பொருத்துவார். கைக்குழியின் வெட்டு சரியாகும் வரை கைகளைத் தூக்கச் சொல்லியும் மடிக்கச் சொல்லியும் மணிக்கணக்கில் நிற்கவைப்பார். மயக்கமுற்று விழுந்த பெண்களும் உளர். விரல்கள் வாதத்தினால் கோணிய பின்னும் இது தொடர்ந்தது. ஒபசீனில் ஓரம் மடிக்கக் கற்ற கை அது. கை மாத்திரம் எந்தக் காலத்திலும் பொய் சொல்லவில்லை என்றே நமக்குப் படுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளை அவர் வெறுத்தார் என்பர். அன்று வேலை இல்லை, தனிமை மாத்திரமே. 1971 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, ரிட்ஸ் ஹோட்டலின் அறையில், 87 ஆவது வயதில் காலமானார். பாரிஸ் மட்லேன் தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. அவரது ஆடைகளைக் காட்சிப்படுத்திய பெண்கள் முன்வரிசையில் நின்றனர். தைத்து முடிக்க விட்டுச் சென்ற இளவேனிற்காலத் தொகுப்பு ஏறத்தாழ இரண்டு வாரங்களின் பின்னர் அவர் இன்றியே அரங்கேறியது. உடல் பிரெஞ்சு மண்ணில் அடக்கம் செய்யப்படவில்லை. லோசான் நகரின் புவா தெ வோ மயானத்தில், ஐந்து சிங்கத் தலைகள் செதுக்கிய வெண்கல்லின் கீழ் கிடக்கிறது. கல்லில் கப்ரியேல் ஷனெல் என்ற பெயரும், 1883, 1971 என்ற இரண்டு ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன.